ஒரே ஒரு பேரி மரத்துக்குத்தான் இடம் என்றால்

வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு பேரி மரம் வைக்கத்தான் இடம் இருக்கிறது. எந்த வகையை வைப்பது? இரண்டு மரத்துக்கு இடம் இருந்தால் இரண்டாவது எது? மூன்று என்றால்?

இதை எழுத்தில் கேட்டு, பக்கம் பக்கமாகப் பதிலும் எழுதியவர் சாதாரண ஆளல்ல. பிரான்சின் 14ஆம் லூயி மன்னருடைய பழத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் தலைவராக இருந்த ழான் பத்திஸ்த் தெ லா கேன்தினி. அரசர் கைவசம் இருந்த நிலத்துக்கு அளவே இல்லை. அங்கே வேலை பார்த்தவர், ஒரு மரத்துக்கு மட்டும் இடம் உள்ள மனிதனையும் நினைத்துத் தன் நூலில் எழுதினார் என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டுத் தோட்டத்துப் பேரி மரத்தின் கதை முழுவதும் வந்துவிடுகிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

லா கேன்தினி 1626இல் பிறந்தவர். படித்தது சட்டம். பாரிஸில் வழக்கறிஞராக இருந்தார். பிறகு ஓர் உயர் அதிகாரியின் மகனுக்கு ஆசிரியராக அமர்ந்து, அந்தப் பையனோடு இத்தாலிக்குப் போனார். அங்கே கண்ட தோட்டங்கள் அவர் மனதை மாற்றிவிட்டன. திரும்பி வந்தவர் வழக்குக் கட்டுகளை மூடி வைத்துவிட்டு, மாணவன் வீட்டுத் தோட்டத்திலேயே சோதனைகளைத் தொடங்கினார். வேரைத் தோண்டிப் பார்ப்பது, கிளையை வெட்டி என்ன ஆகிறது என்று காத்திருப்பது, இதுதான் அவருக்குப் பல்கலைக்கழகம். 1670இல் அரசருடைய தோட்டங்கள் அவர் பொறுப்புக்கு வந்தன.

வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் அவருக்குக் கொடுத்த இடம் ஒரு சதுப்பு நிலம். ஊர்க்காரர்கள் அதை 'நாறும் குளம்' என்றே அழைத்தார்கள். எந்தத் தோட்டக்காரனும் விரும்பி எடுக்காத மண் என்று அவரே தன் நூலில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் அரண்மனைக்குப் பக்கம், மன்னர் நடந்து வந்து பார்க்க வசதி. மேலிடத்து உத்தரவு என்றால் அந்தக் காலத்திலும் அப்படித்தான். தண்ணீரை வடிக்க நிலத்தடியில் வாய்க்கால் அமைத்து, சத்தோரி குன்றிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து கொட்டி, 1678இலிருந்து 1683 வரை ஐந்து ஆண்டுகள் வேலை நடந்தது. சுமார் 9 எக்டேர், நம் கணக்கில் 22 ஏக்கர். நடுவில் ஒரு வட்டக் குளம், அதைச் சுற்றி 16 பாத்திகள் கொண்ட பெரிய சதுரம், அதைச் சூழ்ந்து உயரமான சுவர்களுக்குள் சின்னச் சின்னத் தோட்டங்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் பொத்தாழே துய் ருவா, அதாவது அரசரின் காய்கறித் தோட்டம்.

பெயரில் காய்கறி என்று இருந்தாலும் லா கேன்தினியின் மனம் முழுக்கப் பேரியில்தான். தன் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: ஒரே மரம் என்றால் 'போன் கிரெத்தியேன் திவேர்', அதாவது குளிர்கால நல்ல கிறித்தவன். பழத்துக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்குக் கதை சொல்வார்கள். 1483இல் சாகக் கிடந்த 11ஆம் லூயி மன்னர், தன்னைக் குணப்படுத்துவதற்காக இத்தாலியின் கலாபிரியாவிலிருந்து பிரான்சுவா தெ போல் என்ற துறவியை வரவழைத்தார். அவர் வந்தது உண்மை. கையோடு இந்தப் பேரியைக் கொண்டுவந்தார், அரண்மனையில் அவரை 'நல்ல கிறித்தவர்' என்று அழைத்ததால் பழத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது என்பது கர்ணபரம்பரை. மன்னர் பிழைக்கவில்லை. பேரி பிழைத்தது.

அவர் ஏன் குளிர்காலப் பேரியைத் தேர்ந்தெடுத்தார்? கோடையில் பழுப்பதுதானே இனிக்கும் என்று நமக்குத் தோன்றும். இங்கே பேரியின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பேரி மரத்தில் முழுவதும் பழுக்க விட்டால் உள்ளிருந்து கெட்டு வரும். வெளியே பளபளவென்று இருக்கும், நடுவில் பழுப்பாகி மாவாகியிருக்கும். ஆகவே கெட்டியாக இருக்கும்போதே பறித்து, வீட்டுக்குள் பலகைகளில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி வைத்துப் பழுக்க வைக்க வேண்டும். சில வகை ஒரு வாரத்தில் பழுக்கும். சில வகை மூன்று மாதம், நான்கு மாதம் எடுத்துக்கொள்ளும். குளிர்கால நல்ல கிறித்தவன், இலையெல்லாம் உதிர்ந்து, பனி பெய்து, தோட்டத்தில் ஒன்றுமே இல்லாத மாதங்களில் சாப்பிடக் கிடைக்கும் பழம். குளிர்பதனப் பெட்டி இல்லாத உலகில் அதன் மதிப்பு அதுதான்.

பிரெஞ்சில் ஒரு பழமொழி: 'கார்தே உய்ன் புவார் பூர் லா சுவாஃப்'. தாகத்துக்கென்று ஒரு பேரியை எடுத்து வை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இதைச் சொல்ல நாங்கள் எழுதியபோது, புவார் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமே தவிர பேரியை நான் கண்ணால் கண்டதில்லை. தாகத்துக்குத் தண்ணீர்தானே, பேரி எதற்கு என்று நினைத்தேன். பிற்காலத்தில் மாதாமாதம் சம்பளத்தில் சேமநல நிதி பிடித்தபோது பழமொழி நன்றாக விளங்கிவிட்டது.

லா கேன்தினியின் நூலில் இருக்கும் நீண்ட பட்டியல்களுக்கும் பொருள் இதுதான். ஒவ்வொரு வகையும் ஒரு தேதி. இது கோடையில், அது இலையுதிர் காலத்தில், இன்னொன்று கிறிஸ்துமஸுக்கு, அதற்கடுத்தது தவக்காலத்துக்கு. பத்து மரம் வைக்க இடம் இருப்பவன் பத்து வகை வைத்தால், ஆண்டின் பெரும்பகுதிக்கு மேசையில் பேரி இருக்கும். அது தோட்டத்தில் நட்டுவைத்த நாட்காட்டி. வகைகள் பெருகியதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல.

அடுத்தது, இவ்வளவு பெரிய மரத்தைச் சின்ன வீட்டுத் தோட்டத்தில் எப்படி வளர்ப்பது? விதை போட்டால் பேரி தாயைப் போல வராது. நம் மாமரம் போலத்தான். ஒட்டுக் கட்டினால்தான் அதே வகை கிடைக்கும். எந்த வேரில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மரத்தின் வாழ்வே மாறும். பேரி விதையில் முளைத்த வேரில் ஒட்டினால் மரம் வீட்டுக்கு மேலே உயரும். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நூறு, இருநூறு ஆண்டுகள் வாழும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் ஊரில், ஆளுநர் ஜான் எண்டிகாட் 1630க்கும் 1649க்கும் இடையில் நட்டதாகச் சொல்லப்படும் பேரி மரம் இன்னும் உயிரோடு நிற்கிறது. 1964இல் யாரோ விஷமிகள் அதை ரம்பத்தால் அறுத்தார்கள். மீண்டும் துளிர்த்தது.

ஆனால் பேரியை குவின்ஸ் என்ற மரத்தின் வேரில் ஒட்டினால் கதை வேறு. குவின்ஸ் பேரிக்கு ஒன்றுவிட்ட உறவு. சின்ன மரம், புளிப்பும் துவர்ப்புமான பழம். அதன் வேர் பேரியைக் குள்ளமாக்கிவிடும், சில ஆண்டுகளிலேயே காய்க்கவும் வைக்கும். ஆயுள்தான் குறைவு. நம் ஊரில் சொல்வார்களே, 'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்று. பேரி வேரில் ஒட்டிய பேரி பனை. குவின்ஸ் வேரில் ஒட்டியது தென்னை. இங்கிலாந்திலும் பேரி நடுகிறவன் தன் வாரிசுகளுக்காக நடுகிறான் என்றொரு பழமொழி உண்டு. தமிழில் சொன்னால் பேரி பேரனுக்கு. குவின்ஸ் வேர் வந்தபின் பேரியைத் தாத்தாவும் தின்ன முடிந்தது.

அந்தக் குள்ள மரத்தைச் சுவரில் கட்டினார்கள். இதற்கு எஸ்பாலியே என்று பெயர். வெயில் படும் சுவரை ஒட்டி மரத்தை நட்டு, கிளைகளைக் கம்பியிலோ மரச்சட்டத்திலோ விசிறி போல, சீப்பு போல, குத்துவிளக்கின் கிளைகள் போலப் படுக்க வைத்துக் கட்டி, ஆண்டுதோறும் கத்தரித்து வளர்ப்பது. சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். வசந்தத்தில் பூக்கும்போது திடீரென்று விழும் உறைபனியிலிருந்து பூவைக் காக்கும். மரம் ஒரு சாண் கனம்தான், கீழே நிலம் காய்கறிக்கு மிச்சம். பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் கலையைப் பரப்பியவர்களில் ஒருவர் ரொபேர் அர்னோ தான்தில்லி. அரசவைப் பதவிகளை விட்டு போர் ருவயால் மடத்துக்கு ஒதுங்கிப்போனவர். அங்கே சுவரில் வளர்த்த பழங்களை அரசியாருக்கு அனுப்புவார். ஓய்வுபெற்றவர்கள் தோட்டத்தில் இறங்குவது புதிதல்ல.

லா கேன்தினி 1688இல் காலமானார். அவருடைய நூல் அச்சாகி வந்தது 1690இல்தான். தன் புத்தகத்தை அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1693இல், ஜான் ஈவ்லின் பெயரில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது.

அரசரின் சுவரிலிருந்து ஊரார் சுவருக்குப் பேரி இறங்கி வந்ததில் துறவிகளுக்குப் பெரிய பங்கு. பாரிஸில் கார்த்தூசியத் துறவிகள் ஒரு நாற்றங்கால் நடத்தினார்கள். ஒட்டுக் கன்றுகளை நாடெங்கும் விற்றார்கள், பட்டியல் அச்சிட்டார்கள். அவர்களிடம் வாங்கினால் பெயர் சரியாக இருக்கும் என்று நம்பிக்கை. புரட்சி வந்து மடத்தை மூடியது. இன்று பாரிஸ் லுக்சம்பூர் பூங்காவின் ஒரு மூலையில் சுவரிலும் கம்பியிலும் கட்டிய ஆப்பிள், பேரி மரங்கள் நிற்கின்றன. அது அந்த நாற்றங்காலின் நினைவாக இருப்பது.

பேரியின் சுவையை மாற்றியவர்கள் பெல்ஜியத்துக்காரர்கள். லா கேன்தினி காலத்துப் பேரிகளில் பல, கடித்தால் நறநறவென்று இருக்கும், இல்லையென்றால் வேகவைத்துத்தான் தின்ன முடியும். 'பெர்ரே', அதாவது வெண்ணெய்ப் பேரி என்பது சில வகை மட்டுமே. மோன்ஸ் நகரத்தில் நிக்கோலா அர்தான்போன் என்ற பாதிரியார், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், விதைகளை வேண்டுமென்றே விதைத்து, நல்லதைப் பொறுக்கியெடுத்து, வாயில் வைத்தால் கரையும் பேரிகளை உருவாக்கினார். அவருக்குப் பின் ழான் பத்திஸ்த் வான் மோன்ஸ். இவர் வேதியியல் பேராசிரியர். பேரி விதைகளைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, 80,000 கன்றுகள் வரை வளர்த்தார் என்பார்கள். பொதுப்பணி என்று சொல்லி அவருடைய நாற்றங்காலை அரசாங்கம் ஒருமுறைக்கு மேல் எடுத்துக்கொண்டது. பிரஸ்ஸல்ஸில் 1819இல் போயிற்று, பிறகு லூவென் நகரிலும் போயிற்று. ஒவ்வொரு முறையும் முடிந்த மட்டும் குச்சிகளை வெட்டிக் காப்பாற்றி வேறு இடத்தில் ஒட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒட்டுக்குச்சி அனுப்பினார், அமெரிக்கா வரைக்கும். அதனால்தான் இடத்தை இழந்தாலும் உழைப்பு அழியவில்லை.

இனி ஒரு பெயர் மாறாட்டக் கதை. நான் பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன், இதை விட்டுவிட மனம் வராது. 1770 வாக்கில் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் ஊரில், ஸ்டேர் என்ற பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் ஒரு பேரிக் கன்று கிளம்பியது. நல்ல பழம். அதன் குச்சி லண்டன் பக்கத்து நாற்றங்கால்காரர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் கைக்கு வந்தது. அவர் ஒட்டி விற்றார். வில்லியம்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 1799 வாக்கில் சில மரங்கள் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வழியில் பெயர்ச்சீட்டு காணாமற்போயிற்று. 1817இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய ஈனாக் பார்ட்லெட், பெயர் தெரியாத அந்தப் பேரியைத் தன் பெயரிலேயே பரப்பிவிட்டார். பிறகு ஐரோப்பாவிலிருந்து புதிதாக மரங்கள் வந்தபோதுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் பார்ட்லெட், மற்ற பல நாடுகளில் வில்லியம்ஸ். பிரான்சில் அதற்கு 'வில்லியம்ஸ் போன் கிரெத்தியேன்' என்று முழுப்பெயர். விற்றவருக்குப் பெயர், வாங்கியவருக்குப் பெயர், பழைய நல்ல கிறித்தவனுக்கும் ஒரு பங்கு. வீட்டில் வளர்த்த வாத்தியாருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சில் பேரிக்குப் பைத்தியம் பிடித்த காலம். எந்த அளவுக்கு என்றால், 1831இல் ஷார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர் லூயி பிலிப் மன்னரைக் கேலிச்சித்திரம் போட்டதற்காக நீதிமன்றத்தில் நின்றபோது, அங்கேயே மன்னரின் முகம் நான்கு படிகளில் பேரியாக மாறுவதை வரைந்து காட்டினார். எந்தப் படத்துக்கு என்னைத் தண்டிப்பீர்கள் என்பது அவர் வாதம். சிறையும் அபராதமும்தான் கிடைத்தன. ஆனால் பாரிஸ் சுவர்களிலெல்லாம் சிறுவர்கள் பேரி வரையத் தொடங்கினார்கள். ஒரு கோடு போட்டாலே எல்லாருக்கும் புரிந்தது, ஏனென்றால் பேரி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆன்ழே நகரத்தில் 1849இல் முதலில் காய்த்த 'துவாயெனே துய் கொமிஸ்' இன்றைக்கும் சுவையில் முதல் வரிசை. 1896இல் பாதிரியாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ழுய்ல் லெமீர், தொழிலாளர் குடும்பத்துக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வீடும் நிலமும் சேர்ந்திருந்தால் குடும்பம் நிலைக்கும் என்பது அவர் கருத்து. லா கேன்தினியின் ஒரே மரக் கேள்வி அரண்மனையை விட்டு ஆலைத் தொழிலாளி வீட்டுக்கு வந்து சேர இருநூறு ஆண்டுகள் ஆயின.

அதன் பிறகுதான் சரிவு. குளிர்பதனக் கிடங்கு வந்தது. ஒரே வகையைப் பறித்து மாதக்கணக்கில் வைத்து விற்க முடிந்தது. பத்து வகை நாட்காட்டிக்கு வேலை போயிற்று. 1885இல் இங்கிலாந்துப் பேரி மாநாட்டில் காட்டப்பட்டு அதனாலேயே 'கான்பரன்ஸ்' என்று பெயர் பெற்ற வகை, இன்று பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் தோப்பு தோப்பாக நிற்கிறது. அர்தான்போன், வான் மோன்ஸ் நாட்டிலேயே கடைக்குப் போனால் பெரும்பாலும் அந்த ஒன்றுதான். இன்னொரு அடி நோய். தீயில் கருகியதுபோல் கிளைகளைக் கருக்கும் பாக்டீரியா நோய் ஒன்று அமெரிக்காவிலிருந்து 1957இல் இங்கிலாந்தில் இறங்கி, பிறகு பிரான்சுக்கும் பரவியது. ரூவான் நகரத்தில் பிறந்த 'பாஸ் கிராசான்' என்ற குளிர்காலப் பேரி அந்த நோய்க்கு எளிதில் இரையாகும். காம்பில் சிவப்பு அரக்கு வைத்துக் கடைக்கு வரும் அழகான பழம். நோயைப் பரப்புகிறது என்று 1994இல் பிரான்ஸ் அதைப் புதிதாக நடுவதையே தடை செய்தது.

எங்கள் புதுச்சேரியில் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. இங்கே பேரி வராது. குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் வாங்கினால்தான் ஐரோப்பியப் பேரிக்கு உறக்கம் தெளியும், மொட்டு விரியும். மார்கழியில் நாம் மப்ளர் கட்டிக்கொள்வது அதற்குக் குளிரே அல்ல. நமக்குக் கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் வருவது பெரும்பாலும் கடித்தால் மொறுமொறுக்கும், மணல்மணலாக இருக்கும் வகை. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதற்கு அதுதான் சரி. வெண்ணெய்ப் பேரிக்கு மிளகாய்த்தூள் போட்டால் லா கேன்தினி கோபித்துக்கொள்வார்.

கடைசியாக அந்த ஒரே மரக் கேள்விக்கு வருகிறேன். 1890களில் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெரிய தோப்பு. முழுக்க முழுக்க பார்ட்லெட் பேரி, ஆயிரக்கணக்கில். பூ கொட்டிக் கிடக்கிறது, காய் இல்லை. அரசாங்கத் தாவர நோய் ஆய்வாளர் மெர்ட்டன் வெயிட் போய்ப் பார்த்தார். நோய் ஒன்றுமில்லை. பூக்களை மூடி, கையால் மகரந்தம் தொட்டு வைத்துச் சோதித்து அவர் கண்டது இது: பேரிப் பூ பெரும்பாலும் தன் வகை மகரந்தத்தால் காய்க்காது. வேறு வகை மரம் பக்கத்தில் இருக்க வேண்டும், தேனீ போய்வர வேண்டும். ஒட்டுக் கட்டிய மரங்கள் ஆயிரம் இருந்தாலும் உடலால் ஒரே மரம்தானே. ஸ்டேர் வாத்தியாரின் அந்த ஒரு மரமே ஆயிரம் இடத்தில் நின்று, தனக்குத்தானே பூத்துக்கொண்டிருந்தது.

லா கேன்தினிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவர் காலத்து ஊர்களில் ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு வகை இருந்ததால் குறையும் தெரிந்திருக்காது. ஒரே மரம் வைத்தவன் தன் மரம் காய்த்தது என்று மகிழ்ந்திருப்பான். காய்க்க வைத்தது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மரம்.

அவர் நட்ட மரங்கள் எதுவும் இன்று வெர்சாயில் இல்லை. மண்ணும் சுவரும் அதே இடம். அங்கே பேரி வகைகள் பலவற்றை இன்றும் சுவரில் கட்டி வளர்க்கிறார்கள், தோட்டக்கலைப் பள்ளியாகவும் அது நெடுங்காலம் இருந்தது. வகைகள் பிழைத்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் பழைய மரத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். வான் மோன்ஸ் பெயர் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். ஸ்டேர் பெயரில்லாமல் கொடுத்தார். நடுவில் ஒருவர் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேரி அதோடு போயிருக்கும்.

மலைப் பக்கத்தில் வீடும் கொஞ்சம் நிலமும் உள்ளவர்கள் இதைப் படித்தால், ஒரே மரத்துக்கு இடம் இருக்கிறது, எதை வைக்கலாம் என்று யோசித்தால், முதலில் பக்கத்து வீட்டில் என்ன பேரி நிற்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். அது இல்லாத வேறு வகையை வையுங்கள். அவருக்கும் ஒரு குச்சி கொடுங்கள்.